வட்டத்தை முதலில் போடுங்கள்: மாற்று ஈர்ப்புக் கோட்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைத் திருத்தியோ நீட்டியோ ஒதுக்கிவைத்தோ வேறொரு ஈர்ப்புக் கோட்பாட்டை எழுதிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். நான் உங்கள் கூட்டத்தில் ஒருவன் இல்லை. கல்லூரியில் முப்பது வருடம் பி.எஸ்சி. மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன். வருடம் தவறாமல் ஏதாவதொரு பெஞ்சிலிருந்து, "ஐன்ஸ்டைன் தப்புன்னு நிரூபிச்சிட்டாங்களாமே சார்?" என்று ஒரு குரல் வரும். அன்றைக்குப் பேப்பரில் உங்களில் யாரோ ஒருவருடைய ஆய்வு செய்தியாகியிருக்கும். "இன்னும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்புவேன். அந்த "இன்னும் இல்லை"க்கு இப்போது ஒரு கெடு வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

2024 ஜனவரி 25 அன்று காலவெளியின் நடுக்கமான ஈர்ப்பலைகளை விண்வெளியிலிருந்து கேட்கப்போகும் லீசா திட்டத்துக்கு ஐரோப்பிய விண்வெளி முகமை இறுதி ஒப்புதல் தந்தது. 2035-இல் ஏரியான் 6 ராக்கெட்டில் அது கிளம்ப வேண்டும். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். லீசா பறக்கும் முன், உங்கள் கோட்பாடு அதன் காதில் எப்படி ஒலிக்கும் என்பதை எண்ணாக எழுதிப் பொதுவில் வையுங்கள். எந்த அளவு வந்தால் நீங்கள் ஜெயித்ததாக அர்த்தம், எந்த அளவு வந்தால் கோட்பாட்டைக் கைவிடுவீர்கள், இரண்டையும் எழுதுங்கள். பம்பரம் விட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். வட்டத்தைப் போட்டுவிட்டுத்தான் சாட்டையைச் சுற்ற வேண்டும். ஆணி குத்திய இடத்தைச் சுற்றி அப்புறம் வட்டம் போடுகிறவனை எந்தத் தெருவிலும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், இதைத் தமிழில் படிக்கிறவர்களுக்காக லீசாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று விண்கலங்கள். ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஒரு முக்கோணமாக, பூமிக்குப் பின்னால் ஏறக்குறைய 5 கோடி கிலோமீட்டர் தொலைவில் சூரியனைச் சுற்றிவரும். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் தங்கமும் பிளாட்டினமும் கலந்த கனசதுரக் கட்டிகள் இரண்டு. பக்கம் 46 மில்லிமீட்டர், எடை சுமார் இரண்டு கிலோ. எதுவும் தொடாமல் அவை அந்தரத்தில் விழுந்துகொண்டே இருக்கும். கலத்தின் வேலை கட்டியைச் சுமப்பதில்லை. வெயிலின் அழுத்தம் அதன்மேல் படாமல் குடை பிடித்துக்கொண்டு கூடவே போவதுதான் வேலை. ஒரு கலத்திலிருந்து கிளம்பும் லேசர் அடுத்த கலத்துக்குப் போய்ச்சேர எட்டு நொடிக்கு மேல் ஆகும். அந்தத் தூரத்தில் பிக்கோமீட்டர் கணக்கில், அதாவது ஓர் அணுவின் குறுக்களவைவிடச் சின்ன அசைவை அளக்க வேண்டும். தரையில் இருக்கும் ஈர்ப்பலைக் கருவிகளான லைகோவும் விர்கோவும் நொடிக்குச் சில பத்து முதல் சில ஆயிரம் வரை அதிரும் அலைகளைக் கேட்கின்றன. அதற்குக் கீழே போனால் நிலத்தின் நடுக்கமே காதை அடைத்துவிடும். லீசா கேட்கப்போவது நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் ஒருமுறை ஏறி இறங்கும் அலைகளை.

நடக்குமா என்று கேட்டவர்களுக்கு லீசா பாத்ஃபைண்டர் பதில் சொல்லிவிட்டது. 2015 டிசம்பர் 3 அன்று கிளம்பிய அந்தச் சோதனைக் கலம், 38 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு கட்டிகளை மிதக்கவிட்டு, எதிர்பார்த்ததைவிட அமைதியாக அவற்றை வைத்திருக்க முடியும் என்று காட்டியது. 2011-இல் நாசா பணமில்லை என்று கூட்டாண்மையிலிருந்து விலகியபோது செத்துப்போன திட்டம் என்று பலரும் எழுதிவைத்த ஒன்று அப்படித்தான் பிழைத்து வந்தது.

இனி உங்கள் கதைக்கு வருகிறேன். 2017 ஆகஸ்ட் 17-ஐ நீங்கள் யாரும் மறந்திருக்க முடியாது.

சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிக்கொண்டன. ஈர்ப்பலை வந்தது. 1.7 நொடி கழித்து காமாக் கதிர் வந்தது. 13 கோடி ஆண்டு ஓட்டத்தில் 1.7 நொடி என்றால், வகுத்துப் பார்த்தால், நூறு கோடி கோடியில் நாலு பங்கைப் போல ஒரு வித்தியாசம். அதுவும் மோதலுக்கும் காமா வெடிப்புக்கும் நடுவில் இயல்பாகவே இருந்திருக்கக்கூடிய தாமதமாகவும் இருக்கலாம். ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே வேகத்தில் போகின்றன என்று ஒரே நாளில் முடிவாகிவிட்டது.

அன்று விழுந்தவற்றில் ஒரு குடும்பத்தை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன். கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படுகிற கரும்பொருள் என்று ஒன்று கிடையாது, இருப்பதுபோல ஒளிக்கும் பொருளுக்கும் தோற்றம் காட்டும்படி ஈர்ப்பே அமைந்திருக்கிறது என்று சொன்ன கோட்பாடுகள் அவை. ஜேக்கப் பெக்கன்ஸ்டைன் 2004-இல் எழுதிய டெவெஸ் அவற்றில் பேர்போனது. அந்த வகைக் கோட்பாடுகளில் ஒளி ஒரு வடிவியலில் போகும், ஈர்ப்பலை வேறொன்றில் போகும். ஒளிக்கு வழியெல்லாம் கரும்பொருளின் ஈர்ப்புப் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும், ஆகவே தாமதமாகும். அலைக்கோ கண்ணுக்குத் தெரியும் பொருளின் பள்ளம் மட்டுந்தான். ஆக, அலை வெகுமுன்னதாக வந்து சேர வேண்டும். இதைச் சிலர் 2008 வாக்கிலேயே கணக்குப் போட்டுப் பொதுவில் வைத்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரான சாந்தனு தேசாய் இப்போது ஹைதராபாத் ஐஐடியில் இருக்கிறார். 2017 நிகழ்வுக்கு அந்தக் கணக்கைப் போட்டால், கரும்பொருளின் பள்ளத்தால் வரும் தாமதம் ஏறத்தாழ 400 நாள். நானூறு நாள் முந்திக்கொண்டு வரவேண்டிய அலை 1.7 நொடி முந்தி வந்தது. முடிந்தது கதை. சமாளிக்க இடமே இல்லை. வட்டம் பத்து வருடத்துக்கு முன்பே போடப்பட்டிருந்தது.

பெக்கன்ஸ்டைன் அதைப் பார்க்க இல்லை. 2015 ஆகஸ்டில் காலமானார். அடுத்த மாதம் 14-ஆம் தேதி லைகோ தன் முதல் ஈர்ப்பலையைக் கேட்டது. கருந்துளைக்கு வெப்ப ஒழுங்கின்மை உண்டு என்று சொன்ன மனிதர், கருந்துளைகள் மோதும் ஓசை பூமிக்கு வந்து சேர ஒரு மாதம் இருக்கும்போது போய்விட்டார். இருந்திருந்தால் தன் கோட்பாடு விழுந்ததை நேராக ஒப்புக்கொண்டிருப்பார் என்று நம்ப எனக்குப் பிடிக்கும். டெவெஸின் இடத்தில் 2021-இல் ஸ்கோர்டிஸும் ஸ்லோஸ்னிக்கும் அலையும் ஒளியும் சமவேகத்தில் போகும்படி புதிய கோட்பாட்டைக் கட்டினார்கள். பெருவெடிப்பின் மிச்ச ஒளியான அண்ட நுண்ணலைப் பின்னணியோடும் அது பொருந்துகிறது. நல்ல வேலை. ஆனால் தெரிந்துவிட்ட விடைக்குப் பொருத்தித் தைத்த சட்டை அது. லீசாவின் மில்லிஹெர்ட்ஸ் அலையில், அதாவது நொடிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே அதிரும் அலையில், அது தனியாக என்ன சொல்கிறது என்பதைத்தான் நான் பார்க்கக் காத்திருக்கிறேன்.

பிரபஞ்சத்தின் விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் கரும் ஆற்றலுக்காக எழுதப்பட்ட கலிலியான் வகைக் கோட்பாடுகளில் பெரும்பகுதியும் அதே நாளில் அடிபட்டது. செய்தி அக்டோபரில் வெளியானதும் சில நாட்களிலேயே நாலைந்து குழுக்கள் இரங்கல் கட்டுரைகளை வரிசையாக வெளியிட்டன. ஹார்ன்டெஸ்கி 1974-இல் எழுதிய பெரிய கோட்பாட்டுக் குடும்பத்தில் நாலாம் ஐந்தாம் உறுப்புகள் ஏறக்குறையக் காலி. (ஒன்று இடையில் சொல்ல வேண்டும். கிரிகரி ஹார்ன்டெஸ்கி இயற்பியலை விட்டு ஓவியராகிவிட்டார். அவருடைய சமன்பாடுகளை 2011 வாக்கில்தான் மற்றவர்கள் மீண்டும் கண்டெடுத்தார்கள். சமன்பாட்டை எழுதிவைத்துவிட்டுத் தூரிகை எடுத்துக்கொண்டு போனவரிடம் முன்கணிப்பு எங்கே என்று கேட்க முடியாது. உங்களிடம் கேட்கலாம்.)

ஆனால் மழை விட்டும் தூவானம் விடவில்லை. 2018-இல் கிளாடியா டி ராமும் ஸ்காட் மெல்வில்லும் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். கரும் ஆற்றலுக்கான அந்தக் கோட்பாடுகள் எல்லா அதிர்வெண்ணிலும் செல்லுபடியாகும் என்று யாரும் சொல்லவில்லை. அவற்றின் எல்லை சில நூறு ஹெர்ட்ஸ் பக்கம் வந்து முடிகிறது. லைகோ கேட்டதும் அதே சில நூறு ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். ஆகவே அங்கே அலை ஒளிவேகத்தில் போனதால், பத்தாயிரம் மடங்கும் அதற்கு மேலும் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் அதே வேகத்தில்தான் போகும் என்று முடிவுகட்ட முடியாது.

முதலில் படித்தபோது இது நழுவுகிற வேலை என்றுதான் நினைத்தேன். பிறகு மனம் மாறினேன். நழுவுகிறவன் முகவரி தரமாட்டான், இவர்கள் தந்திருக்கிறார்கள்: மில்லிஹெர்ட்ஸ் தெரு, லீசா வீடு. அங்கே போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வழியும் இருக்கிறது. சூரியனைப்போல் முப்பது மடங்கு எடையுள்ள இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தால், மோதலுக்குச் சில வருடங்களுக்கு முன்பே லீசாவால் அவற்றைக் கேட்க முடியும். எந்த நாள், எந்த நிமிடம் மோதும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அந்த நிமிடத்தில் தரையிலுள்ள கருவிகள் விழித்திருக்கும். தாழ்ந்த அலையும் உயர்ந்த அலையும் வெவ்வேறு வேகத்தில் வந்திருந்தால் கணக்கு தப்பும். 100 கோடி ஒளியாண்டுத் தொலைவில், வேகத்தில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு வித்தியாசமே அரை நிமிடமாக வந்து நிற்கும். அரை நிமிடத்தை அளக்க லீசா தேவையில்லை, கைக்கடிகாரம் போதும். இந்த வகை ஜோடிகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிடைக்கும் என்பது உண்மைதான். ஒன்று கிடைத்தாலும் போதும்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். பாத்ஃபைண்டர் பறப்பதற்கு ஏறக்குறையப் பத்து வருடம் முன்பே, 2006-இல், பெக்கன்ஸ்டைனும் ஜொவாவ் மகெய்ஜோவும் ஒரு யோசனை சொன்னார்கள். சூரியனின் இழுப்பும் பூமியின் இழுப்பும் சரிக்குச் சரியாக அடித்துப்போகும் ஓரிடம் உண்டு. பூமியிலிருந்து சுமார் 2.6 லட்சம் கிலோமீட்டர், சூரியன் இருக்கும் திசையில். மில்க்ரோம் 1983-இல் சொன்னதுபோல முடுக்கம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஈர்ப்பின் விதி மாறுமென்றால், அந்தச் சின்னப் புள்ளியைச் சுற்றி அது தெரிய வேண்டும். பாத்ஃபைண்டரின் வேலை முடிந்ததும் அந்த வழியாக ஒருமுறை ஓட்டிப்பாருங்கள் என்று பின்னால் முறையாகவே கேட்டார்கள். அது நடக்கவில்லை. 2017 ஜூலையில் கலத்தை அணைத்துவிட்டார்கள். உலகத்திலேயே மிக அமைதியான முடுக்கமானி அப்போது விண்வெளியில் இருந்தது. விண்மீன் மண்டலங்களில் மட்டுமே பேசப்பட்ட ஒரு கோட்பாடு தன் தலையைப் பலகையில் வைக்க முன்வந்தது. அந்த இரண்டும் சந்திக்காமலே போனதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இதுவரை உங்களைப் பாராட்டினேன். இனி கொஞ்சம் சண்டை.

லீசா சூரியனைப்போல் பல லட்சம் மடங்கு எடையுள்ள கருந்துளைகளைக் கேட்கும், ஆகவே ஈர்ப்பின் உச்சத்தைச் சோதிக்கும் என்ற தொனியில் நிறையப் பேசுகிறீர்கள். பெரிய கருந்துளை என்றால் ஈர்ப்பின் உச்சம் என்று ஆகிவிடாது. என் மாணவர்களுக்கே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பத்துச் சூரிய எடையுள்ள கருந்துளையை நெருங்கினால், விளிம்பைத் தொடும் முன்பே உடம்பு நார்நாராகிவிடும். பத்து லட்சம் சூரிய எடையுள்ளதன் விளிம்பைத் தாண்டும்போது ஒன்றும் தெரியாது, சட்டைப் பித்தான்கூடத் தெறிக்காது. விளிம்பில் காலவெளியின் வளைவு எடையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். முப்பது சூரிய எடையிலிருந்து பத்து லட்சத்துக்குப் போனால் வளைவு நூறு கோடி மடங்கு தளர்ந்துவிடுகிறது. உங்களில் காஸ்–போனே உறுப்பைச் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு இது தெரியாததா? வளைவின் வர்க்கத்தைச் சேர்க்கும் கோட்பாட்டுக்குச் சின்னக் கருந்துளைதான் நல்ல களம். அதாவது லைகோ. லீசாவின் பெரிய மோதல்களில் உங்கள் கோட்பாடு ஐன்ஸ்டைனோடு ஒட்டிப் பிறந்ததுபோல இருக்கும். அதைப் பார்த்து "எங்கள் கோட்பாடு லீசா சோதனையைத் தாண்டியது" என்று நாளைக்கு எழுதாதீர்கள்.

லீசாவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பத்துச் சூரிய எடையுள்ள ஒரு சின்னக் கருந்துளை, பத்து லட்சம் சூரிய எடையுள்ள பெரியதைச் சுற்றிச்சுற்றி உள்ளே இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஒரு வருடத்தில் மட்டும் லட்சத்தை ஒட்டிய சுற்றுகள் போடும். கோயிலைச் சுற்றி வருகிறவர் ஒவ்வொரு தூணையும் தொட்டுக்கொண்டே வருவதுபோல, பெரிய கருந்துளையின் வடிவியலை அங்குலம் அங்குலமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இறங்கும். அலையின் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் எண்ணிக்கொண்டே வருவதால், லட்சம் சுற்றில் ஒரு சுற்றின் சின்னப் பங்கு பிசகினாலும் தெரிந்துவிடும். அந்தப் பெரிய கருந்துளைக்கு எடை, சுழற்சி என்ற இரண்டைத் தவிர வேறு அடையாளம் உண்டா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

நான் கேட்கும் வட்டம் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு இங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2020-இல் மசெல்லி, ஃப்ராங்கினி, குவல்தியேரி, சொத்திரியு நால்வரும் ஒன்றைக் கவனித்தார்கள். கூடுதலாக ஒரு ஸ்கேலர் புலத்தை, அதாவது திசையில்லாமல் அளவு மட்டும் உள்ள புலத்தை, சேர்க்கும் பல கோட்பாடுகளில், நான் மேலே சொன்ன அதே காரணத்தால், பெரிய கருந்துளை ஐன்ஸ்டைன் சொன்னபடியே இருந்துவிடும். வேறுபாடு சின்னதிடம்தான். அதன்மேல் ஒரு ஸ்கேலர் சார்ஜ் ஏறியிருக்கும். அது கூடுதலாக ஆற்றலைக் கசியவிடும், ஆகவே கொஞ்சம் வேகமாக உள்ளே விழும். கோட்பாடு எதுவாக இருந்தாலும் கடைசியில் எல்லாம் அந்தச் சார்ஜ் என்ற ஒற்றை எண்ணில் வந்து நிற்கிறது. ஒரு வருட அலையிலிருந்து அந்த எண்ணைச் சதவீதக் கணக்கில் துல்லியமாக லீசா எடுத்துவிட முடியும் என்று பிறகு கணக்கிட்டார்கள். என் கண்ணில் இது ஒரு முழு வட்டம். சுழியென்றால் சுழி, இல்லையென்றால் இல்லை. முந்நூறு பக்கம் விளக்கம் வேண்டியதில்லை.

அலையின் முனைவாக்கத்திலும், அதாவது அது வெளியை எந்தெந்த விதத்தில் நீட்டிச் சுருக்குகிறது என்பதிலும், இப்படியொரு வட்டம் போடலாம். ஐன்ஸ்டைனுக்கு இரண்டு விதம், மற்றவர்களுக்கு ஆறு வரை போகலாம். முக்கோணம் சூரியனைச் சுற்றும்போது தன் முகத்தைத் திருப்பிக்கொண்டே போவதால், நீண்ட நேரம் ஒலிக்கும் மூலத்தில் அவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். மோதிய கருந்துளை அடங்கும்போது எழும் மணியோசையும் அப்படித்தான். அந்த ஓசையை 1970-இல் முதலில் கணக்கில் கேட்டவர் பெங்களூர்க்காரரான சி.வி. விஸ்வேஸ்வரா. 2025 ஜனவரி 14 அன்று லைகோ கேட்ட உரத்த மோதலில் அந்த மணியோசை ஐன்ஸ்டைன் சொன்ன சுருதியில்தான் ஒலித்தது. லீசாவில் அதைவிடப் பல மடங்கு உரக்கக் கேட்கும்.

வட்டம் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பயனியர் கதை இருக்கிறது. 1972, 1973-இல் கிளம்பிய பயனியர் 10, 11 இரண்டும் சூரியக் குடும்பத்தைவிட்டுப் போகும்போது, எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சூரியன் பக்கம் இழுபட்டன. 1998-இல் அது பெரிய செய்தியானது. அந்த இழுப்பின் அளவு, ஒளிவேகத்தை, பிரபஞ்சம் விரியும் வீதமான ஹபிள் மாறிலியால் பெருக்கினால் வரும் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. அது போதாதா? எத்தனை கோட்பாடுகள்! ஒவ்வொன்றும் அந்த ஒரே எண்ணைச் சரியாக "முன்கணித்தது". நடந்து முடிந்த பிறகு. 2012-இல் பழைய டேப்புகளையெல்லாம் தேடியெடுத்து, கலத்தின் வெப்பத்தைப் பகுதி பகுதியாகக் கணக்கிட்டபோது விடை வந்தது. அணுமின் கலத்தின் சூடு ஒரு பக்கம் கூடுதலாக வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான். பாத்திரத்தின் சூட்டைப் பிரபஞ்சத்தின் விதி என்று பதினான்கு வருடம் எழுதிக்கொண்டிருந்தோம்.

லீசாவில் பயனியர்போல நூறு வரும். அதன் தரவு லைகோவைப்போல அமைதியான இரவில் ஒரு நாய் குரைப்பது போன்றதில்லை. திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் குரலைப் பிரித்தெடுப்பது. நம் விண்மீன் மண்டலத்திலேயே எரிந்து முடிந்த விண்மீன்களான வெண்குள்ளன்களின் ஜோடிகள் லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் முனகிக்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றான எச்எம் கேன்க்ரி ஐந்தரை நிமிடத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுகிறது. இந்த இரைச்சலுக்கு நடுவில் பெரிய மோதல்கள், இறங்கும் சின்னக் கருந்துளைகள், கட்டிகளில் காஸ்மிக் கதிர் ஏற்றும் மின்னூட்டம், காரணம் தெரியாத துள்ளல்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தித்தான் பிரித்தெடுக்க வேண்டும். ஒரு கருந்துளை ஜோடியைச் சுற்றி வாயு வட்டு இருந்தால் அது இழுக்கும், பக்கத்தில் மூன்றாவது உடல் இருந்தால் அதுவும் இழுக்கும். அத்தனையும் பார்வைக்கு ஐன்ஸ்டைன் தவறியதுபோல இருக்கும். ஐன்ஸ்டைன் கோட்பாட்டின் அலைவடிவமே சுழலும் பெரிய கருந்துளைக்குப் போதிய துல்லியத்தில் இன்னும் முழுமையாகவில்லை. நம் கணக்கின் பிழையை இயற்கையின் பிழை என்று நினைத்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அது லீசா தரவுக் குழுவினருக்கும் சேர்த்து. எல்லா அலைகளையும் ஐன்ஸ்டைன் அச்சிலேயே தேடிப் பொருத்தினால், வேறு கோட்பாட்டின் அலை வந்தாலும் அது எடையையும் தொலைவையும் கொஞ்சம் தப்பாகக் காட்டிவிட்டு அச்சுக்குள் அமைதியாக உட்கார்ந்துவிடும். இட்லித் தட்டில் எந்த மாவை ஊற்றினாலும் வட்டமாகத்தான் வரும். ஆகவே வேறு அச்சுகளும் தட்டில் இருக்க வேண்டும். அவற்றை வார்த்துத் தர வேண்டியவர்கள் நீங்கள். இன்றைக்கு முழு அலைவடிவம் வரை கொண்டுபோன மாற்றுக் கோட்பாடுகள் எத்தனை? மிகச் சில. மற்றதெல்லாம் முதல் திருத்தத்தோடு நின்றுவிடுகிறது.

"அதற்குப் பொதுவான சோதனைகள் இருக்கின்றனவே" என்பீர்கள். இருக்கின்றன, அதில் நம் பக்கத்துப் பங்கும் உண்டு. 2006-இல் கே.ஜி. அருணும் பாலா ஐயரும் பெங்களூர் ராமன் ஆய்வுக் கழகத்திலிருந்து, குசைலா, சத்யபிரகாஷ் ஆகியோரோடு சேர்ந்து ஒரு முறையை முன்வைத்தார்கள். அருண் இப்போது சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகத்தில் இருக்கிறார். அலைவடிவத்தின் ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனிச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றி, எல்லாச் சாட்சியும் ஒரே எடையைச் சொல்கிறதா என்று பார்ப்பது அந்த முறை. லீசாவையும் மனதில் வைத்து எழுதியது. லேசரின் இரைச்சலை அடக்க வெவ்வேறு நேரத்து அளவுகளைச் சேர்க்கும் கணக்குக்கு இயற்கணித அடித்தளம் போட்டவர்களிலும் புனேயைச் சேர்ந்த சஞ்சீவ் துரந்தர் உண்டு. ஆனால் சாட்சிகள் முரண்பட்டால் ஐன்ஸ்டைன் பொய் சொன்னார் என்று தெரியும், யார் உண்மை சொன்னார் என்று தெரியாது. அதைச் சொல்ல உங்கள் பக்க வாக்குமூலம் முன்பே பதிவாகியிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் நடந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி 2026 மார்ச்சில்தான். இரண்டு தரப்பும் நிம்மதியாகப் பரிகாரம் செய்துகொள்ளலாம், யாரும் மேலே நிமிர்ந்து பார்க்கப்போவதில்லை. கிரகணத்துக்கு அந்த வசதி கிடையாது. நேரம் போட்டு அச்சடித்துவிட்டால் ஊரே மொட்டைமாடிக்கு வந்துவிடும். நீங்கள் இத்தனை வருடமாகச் சனிப்பெயர்ச்சி மட்டும் எழுதிவந்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொருந்தாத தரவு வந்தவுடன் ஒரு மாறிலியைத் தள்ளிவைக்கும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு என்பதை மறுக்கவும் மாட்டீர்கள்.

லீசா வேலை செய்ய ஒதுக்கியிருப்பது நாலரை வருடம். அதற்கு முன் உங்களுக்கு இருப்பது பத்து வருடத்துக்கும் குறைவு. முனைவர் பட்டத்துக்கு ஒரு மாணவரை ஒரே ஒரு கோட்பாட்டின் அலைவடிவத்தில் உட்காரவைத்தால் முடிகிற வேலை என்று நினைக்கிறேன். புகழ் வராது, வேலை வாய்ப்பும் சுமார்தான். அதனால்தான் மூத்தவர்களான நீங்கள் முன்னால் நின்று செய்ய வேண்டும் என்கிறேன். எழுதியதை யாரும் பின்னால் திருத்த முடியாதபடி தேதியிட்டு ஒரே இடத்தில் சேர்த்துவையுங்கள். கைவிடும் எல்லையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். லீசா குழுவும் ஐன்ஸ்டைன் அலைகளைக் கழித்த பிறகு மிஞ்சும் தரவை, கழித்த விதத்தோடு சேர்த்து உங்களுக்குத் தர வேண்டும். அதற்காக அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மற்றவர்களிடம் கேட்டுவிட்டு நான் மட்டும் சும்மா இருப்பது முறையில்லை. என் டைரியில் என் வட்டத்தைப் போட்டுவிட்டேன். ஸ்கேலர் சார்ஜ்: சுழியிலிருந்து பிரித்தறிய முடியாது. மில்லிஹெர்ட்ஸ் அலையின் வேகம்: ஒளிவேகமே. ஐன்ஸ்டைன் எங்கேயாவது இடறினால், வெகுதொலைவிலிருந்து வரும் அலையின் உரப்பைக் கொண்டு அளக்கும் தொலைவும் ஒளியைக் கொண்டு அளக்கும் தொலைவும் ஒத்துப்போகாத இடத்தில்தான் இடறுவார். அங்கேயும் அவர் பக்கமே கட்டுகிறேன், ஆனால் கை கொஞ்சம் நடுங்குகிறது. முன்பு கடைசி பெஞ்சிலிருந்து "தப்பாமே சார்?" என்று கேட்ட ஒருவன் இப்போது வங்கியில் மேலாளர். அவனிடம் அந்தப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். போடும் முன் மூன்று வரியையும் படித்துப் பார்த்துவிட்டு, "மூணாவதுல தோத்துடுவீங்க சார்" என்றான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓர் இயற்பியல் ஆசிரியர்